ஆஸ்திரியாவில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலை: மகளை அனுப்பலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

அக்கா, உங்கள் கேள்வி இதுதான். டெக்சாஸில் பிறந்து வளர்ந்த உங்கள் மகள் இந்த மே மாதம் கல்லூரி முடிக்கிறாள். வரலாறு படிக்கிறாள், கூடவே ஜெர்மனும் எடுத்திருக்கிறாள். ஆஸ்திரியாவில் ஒரு பள்ளியில் எட்டு மாதம் ஆங்கில உதவி ஆசிரியராக இருக்க இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் போட்டிருக்கும் ஊரை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் வீண் என்கிறார் அவள் அப்பா. உங்களுக்கோ சம்பளம் போதுமா, பாதுகாப்பா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கவலை.

அனுப்புங்கள். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் இருக்கிறது, அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. நிஜமாகவே யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உங்கள் பட்டியலில் இல்லை. அது நவம்பர் மாதம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி இங்கே வந்து, ஜெர்மனை எழுத்துக்கூட்டிக் கற்று, சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்பு முடித்து, பதினாறு வருடமாக லின்ஸ் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூர் கிம்னாசியத்தில் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயாராக்கும் மேல்நிலைப் பள்ளி) ஆங்கிலமும் புவியியலும் நடத்துகிறேன். எங்கள் பள்ளிக்கு வருகிற உதவி ஆசிரியர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் பல வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. வந்த பிள்ளைகளில் சிலர் இன்றைக்கும் தீபாவளிக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள், ஒருத்தி இரண்டே மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். இரண்டையும் பார்த்தவள் என்பதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வேலை என்று தெளிவாகிவிடட்டும், ஏனென்றால் பல பெற்றோர் இதை ஏதோ ஏஜென்ட் பிடித்துக் கொடுத்த வேலை என்று நினைக்கிறார்கள். ஆஸ்திரியக் கல்வி அமைச்சகத்துக்காக, அமெரிக்க-ஆஸ்திரியக் கல்விப் பரிமாற்ற அமைப்பான ஃபுல்பிரைட் ஆஸ்திரியா நடத்துகிற திட்டம் இது. ஒவ்வொரு வருடமும் அமெரிக்காவிலிருந்து பட்டம் முடித்த பிள்ளைகளை எடுத்து நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். அக்டோபர் 1 முதல் மே 31 வரை ஒப்பந்தம், வாரத்துக்கு 13 பாடவேளை. ஒரு பாடவேளை 50 நிமிடம். வியன்னா கிடைக்கும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள், ஆனால் பள்ளிகள் ஒன்பது மாநிலங்களிலும் இருக்கின்றன, அதனால் சிற்றூர் கிடைப்பதுதான் வழக்கம். அதை நான் குறையாகவே நினைக்கவில்லை. வியன்னாவில் இருக்கிற பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு எட்டு மாதத்தை ஓட்டிவிட முடியும். சிற்றூரில் அது நடக்காது, ரொட்டிக் கடைக்காரம்மாவிடம் பேசியே ஆக வேண்டும்.

வகுப்பில் அவள் வேலை பேசுவது. பாடத்தை நடத்துவது நாங்கள், மதிப்பெண் போடுவது நாங்கள், பிள்ளைகளைக் கண்காணிக்கும் சட்டப் பொறுப்பும் எங்களுக்குத்தான். உதவி ஆசிரியர் பாதி வகுப்பைத் தனியாகக் கூட்டிப் போய்ப் பேச வைப்பார், இல்லையென்றால் எங்களோடு சேர்ந்து வகுப்பில் நிற்பார். இங்கே பள்ளி முடிக்கும்போது மட்டூரா என்றொரு தேர்வு உண்டு, நம் பிளஸ் டூ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆங்கிலத்துக்கு வாய்மொழித் தேர்வும் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு தலைப்பில் தனியாகப் பேச வேண்டும், பிறகு இன்னொருவரோடு உரையாட வேண்டும். எழுத்தில் பிரமாதமாக எழுதுகிற பிள்ளைகள் இங்கே வாயடைத்துப் போவார்கள். ஆங்கிலம் பேசி வளர்ந்த, அவர்களைவிட நான்கே வயது மூத்த ஒருத்தி எதிரில் உட்கார்ந்து, தப்பாகப் பேசினாலும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்குப் பேச்சு எப்படித் திறந்துகொள்கிறது என்பதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். அதற்காகத்தான் இந்தத் திட்டம். அவளிடம் சொல்லுங்கள், இலக்கணம் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம், இலக்கணம் எங்கள் வேலை. ஆனால் எங்கள் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆங்கிலம், அதனால் அவள் எழுதுகிற சில சொற்களைப் பிள்ளைகள் தப்பு என்று சுட்டிக்காட்டுவார்கள். அதையே ஒரு பாடமாக எடுத்துவிடலாம்.

இரண்டு சின்ன விஷயம், முதல் நாள் திகைக்காமல் இருப்பதற்காக. கிம்னாசியத்தில் ஆசிரியர்களைப் பிள்ளைகள் புரொஃபசர் என்றே கூப்பிடுவார்கள், என்னை ஃபிரௌ புரொஃபசர் என்கிறார்கள். அவளைப் பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. இன்னொன்று செருப்பு. இங்கே பல பள்ளிகளில் பிள்ளைகள் வாசலருகே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்வதற்கென்றே வைத்திருக்கும் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவார்கள். நான் முதன்முதலில் ஒரு பள்ளிக்குள் போனபோது வரிசையாகக் கழற்றி வைத்த ஷூக்களைப் பார்த்து நம் ஊர் வீட்டுத் திண்ணையில் நிற்பது போலிருந்தது.

சரி, பணம். கையில் வருவது ஏறக்குறைய மாதம் 1,500 யூரோ, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். மருத்துவக் காப்பீடு சம்பளத்தோடு சேர்ந்தே வந்துவிடும், அதற்கான இ-கார்டை நீட்டினால் டாக்டரிடம் பெரும்பாலும் பர்ஸை எடுக்க வேண்டியிருக்காது என்பதை அமெரிக்காவில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளி விடுமுறை நாட்களிலும் சம்பளம் உண்டு. சிற்றூரில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கு 400 முதல் 550 வரை ஆகும், சமைத்துச் சாப்பிட்டால் 300 யூரோவுக்குள் மாதம் ஓடும். மிச்சத்தில் ரயிலேறி ஊர் சுற்றலாம், சேமிக்க முடியாது. கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டு வந்தால் ஏமாற்றம்தான். முதல் சம்பளம் அக்டோபர் கடைசியில்தான் வரும், சில சமயம் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை, குளிர்கால ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வந்து நிற்கும். அதனால் 3,000 டாலராவது கையில் வைத்து அனுப்புங்கள், அதை அவள் தொடாமலே திருப்பித் தந்தாலும் சந்தோஷம். அமெரிக்கக் குடிமகள் என்பதால் அங்கேயும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம், வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் தனியாகத் தெரிவிக்கவும் வேண்டும். 1,500 யூரோ சம்பளத்தில் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டாள், இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறை தேடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வில்ஹாபன், வேகே-கெஸுக்ட் என்று இரண்டு தளங்களில்தான் எல்லோரும் தேடுவார்கள். நேரில் பார்க்காமல், சாவி கைக்கு வராமல், யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். எங்களிடம் வந்த ஒரு பையன் அப்படி 900 யூரோவை இழந்தான், அந்த முகவரியில் வீடே இல்லை. வழிகாட்டும் ஆசிரியருக்குக் கூச்சப்படாமல் எழுதச் சொல்லுங்கள். சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியர் அறையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராவது ஒருவர் வீட்டு மாடியில் அறை காலியாக இருக்கும். எங்கள் பள்ளிக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது. குடியேறிய மூன்று நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்து மெல்டெட்செட்டல் என்கிற தாளை வாங்கிவிட வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து குடியிருப்பு அனுமதி வரை எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

இப்போது நவம்பர். அக்டோபரில் எல்லாம் புதிதாக இருக்கும், மலையும் இலையுதிர்கால நிறமும் பார்த்துப் படம் படமாக உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். நவம்பர் நடுவில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். எங்கள் பக்கத்தில் டான்யூப் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கினால் நாலைந்து நாள் சூரியனையே பார்க்க முடியாது. வாரத்துக்கு 13 பாடவேளைதானே, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வகுப்பு முடிந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும், தெருவில் ஆள் இருக்காது. கல்லூரி விடுதியில் நாலு வருடம் நண்பர்கள் சூழ இருந்த பிள்ளை, அறைக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் ஊர்த் தோழிகளோடு பேசிப் பேசியே நாளைக் கழிக்க ஆரம்பிக்கும். டெக்சாஸுக்கும் இங்கேயும் ஏழு மணி நேர வித்தியாசம், அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்துக்காக இவள் காத்திருப்பாள், ராத்திரி ரெண்டு மணி வரை விழித்திருப்பாள், காலை எட்டு மணி வகுப்புக்கு வெளிறிய முகத்தோடு வருவாள். திரும்பிப் போனாளே என்று சொன்னேனே, அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். கெட்டிக்காரப் பெண், பிள்ளைகளுக்கும் அவளை ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு அப்போது இதன் அறிகுறிகள் புரியவில்லை, இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

இதற்கு மருந்து அக்டோபரிலேயே போட வேண்டும். வந்த இரண்டாவது வாரமே ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும், தயாரான பிறகு சேரலாம் என்று தள்ளக் கூடாது. இந்த நாட்டில் சிற்றூர் வாழ்க்கை சங்கங்களில்தான் நடக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் பித்தளை வாத்தியக் குழு, பாட்டுக் குழு, தன்னார்வத் தீயணைப்புப் படை, கைப்பந்து, மலையேற்றச் சங்கம் இருக்கும். உங்கள் பெண் பள்ளியில் கிளாரினெட் வாசித்தாள் என்று எழுதியிருந்தீர்கள், அதைக் கட்டாயம் எடுத்து வரச் சொல்லுங்கள்! வாத்தியம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊருக்குள் வந்தால் வாத்தியக் குழுக்காரர்கள் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களிடம் இருந்த டிரம்பெட் பையன் கிறிஸ்துமஸுக்குள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆளாகிவிட்டான், அவன் ஜெர்மன் முழுக்க இந்த வட்டாரப் பேச்சுதான், கல்லூரியில் படித்த ஜெர்மன் எங்கே போனதென்றே தெரியவில்லை. வட்டாரப் பேச்சு முதல் மாதம் அவளுக்கும் ஒன்றும் புரியாது. சென்னைத் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையை நாகர்கோவில் சந்தையில் விட்டது போலிருக்கும், டிசம்பருக்குள் காது பழகிவிடும்.

டிசம்பர் 5ஆம் தேதி வாக்கில் கொம்பு வைத்த மரமுகமூடியும் ஆட்டுத்தோலும் மணியும் கட்டிக்கொண்டு ஆட்கள் தெருவில் துரத்தி வருவார்கள், கையில் குச்சி வேறு இருக்கும். கிராம்புஸ் என்று பெயர். நம் ஊர்ப் புலிவேஷம் மாதிரி என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தெரியாமல் மாட்டினால் நெஞ்சு நின்றுவிடும்.

அடுத்து நீங்கள் கேட்காத இன்னொரு விஷயம், ஆனால் உங்கள் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் நிறம் வேறு. அமெரிக்காவிலிருந்து ஆள் வருகிறார் என்று சொல்லி வைத்திருப்பார்கள், ஆங்கிலப் படங்களில் பார்த்த முகத்தை எதிர்பார்த்திருப்பார்கள். நான் டெக்சாஸ் என்று இவள் சொன்னதும், அது சரி, உண்மையில் எந்த ஊர் என்று யாராவது கேட்பார்கள். முதல் நாளே கேட்பார்கள், மே மாதம் வரை கேட்பார்கள். பிள்ளைகள் ஆர்வத்தில் கேட்பார்கள், பெரியவர்களில் சிலர் கேட்கும் தொனியில் வேறு வாடை இருக்கும். எனக்குப் பதினாறு வருடம் கழித்தும் அது வலிக்கத்தான் செய்கிறது, வலிக்காது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஹூஸ்டன் போனவர்கள், அந்தப் பெண் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தாள். மூன்றாம் வாரம் ஒரு பையன் அதே கேள்வியைக் கேட்டான். அவள் கோபப்படவில்லை, கரும்பலகையில் உலக வரைபடத்தைக் கோணல்மாணலாக வரைந்து, தாத்தா எங்கே பிறந்தார், அப்பா எங்கே படித்தார், தான் எங்கே பிறந்தாள் என்று கோடு போட்டாள். இப்போது உங்கள் கோட்டைப் போடுங்கள் என்று சாக்பீஸை நீட்டினாள். ஆஸ்திரியா 1964இல் துருக்கியோடும் 1966இல் யூகோஸ்லாவியாவோடும் ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்தது, எங்கள் வகுப்புகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தொண்ணூறுகளில் போஸ்னியாவிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள், இப்போது சிரியாவிலிருந்து வந்தவர்கள் என்று நிறையப் பேர். அன்றைக்கு, மூன்று வருடமாக என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து வந்து, அங்காரா பக்கத்திலிருந்து லின்ஸுக்கு ஒரு கோடு போட்டு, தன் தாத்தா இரும்பு ஆலையில் வேலை செய்த கதையை உடைந்த ஆங்கிலத்தில் பத்து நிமிடம் சொன்னாள். எங்கே பிறந்தாய் என்ற கேள்வியை இதே ஊரில் பிறந்த அந்தப் பிள்ளையும் தினமும் எதிர்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. இதற்காகவும் உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகள் இங்கே வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பாதுகாப்பு: 2025 ஜூனில் கிராஸ் நகரத்தில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு எங்களை எல்லாம் உலுக்கிவிட்டது, அதனால் ஒன்றுமே நடக்காத நாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றாடத்தில், இரவு பதினோரு மணிக்கு ரயிலைவிட்டு இறங்கித் தனியாக நடந்து வீட்டுக்கு வருகிற பெண்கள் நாங்கள். இரவில் தனியாக இருப்பதைவிடக் குளிர்காலத்தில் ஐஸில் வழுக்கி விழுவதற்குத்தான் நான் பயப்படுகிறேன், நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள்ளட்டும்.

சாப்பாடு விஷயத்தில் சைவப் பிள்ளை பட்டினி கிடக்காது. முட்டை சாப்பிடுவாள் என்றால், சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே (முட்டை சேர்த்த மாவில் செய்யும் நூடுல்ஸ் மாதிரி), கைசர்ஷ்மார்ன் (பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம் மாதிரி, அதிலும் முட்டை உண்டு) என்று வயிறு நிறைய இருக்கிறது. ஓர் எச்சரிக்கை, சூப். தோசை மாதிரி ஒன்றைச் சுட்டு நூல் நூலாக நறுக்கிப் போட்டுத் தருவார்கள், பார்த்தால் சைவம், ஆனால் கீழே இருப்பது மாட்டிறைச்சி வேகவைத்த சாறு. சூப் என்றாலே கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். உருண்டை வகைகளில் உள்ளே பன்றிக்கறி இருக்கலாம், அதையும் கேட்க வேண்டும். அரிசி, சிவப்புப் பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் சிற்றூர்க் கடையிலேயே கிடைக்கும். புளி, பெருங்காயம், கறிவேப்பிலைக்கு லின்ஸ், வியன்னா மாதிரிப் பெரிய ஊர்களுக்குப் போய் வர வேண்டும். சாம்பார்ப் பொடி கொடுத்து அனுப்புங்கள். மிக்ஸி அனுப்பினால் அமெரிக்காவில் வாங்கிய 110 வோல்ட் மிக்ஸியை அனுப்பாதீர்கள், இங்கே 230 வோல்ட். ஊரில் வாங்கியது இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டலாம். குக்கரும் இண்டக்ஷன் அடுப்புக்கு ஏற்றதாக, அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து அனுப்புங்கள். அலுமினியக் குக்கரைக் கொண்டு வந்து அடுப்பில் வைத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடம் வீண் என்கிற அவள் அப்பாவுக்கு. அண்ணா, அவள் கணினி நிறுவனத்தில் வேலைக்குப் போகிறவளாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். வரலாறு படித்த பிள்ளைக்கு அடுத்தது பெரும்பாலும் மேற்படிப்பு, சட்டம், ஆசிரியர் வேலை, அரசுப் பணி இவற்றில் ஒன்று. ஐரோப்பிய வரலாற்றில் ஆராய்ச்சி செய்ய ஜெர்மன் படிக்கத் தெரிந்தால் பெரிய உதவி, அதை இங்கே எட்டு மாதத்தில் கற்றுக்கொள்வது போல எந்தப் பல்கலைக்கழகத்திலும் முடியாது. ஆனால் அவளிடம் ஒன்று கேளுங்கள்: எதற்குப் போகிறாய்? பிள்ளைகளோடு பேசப் பிடிக்கும், மொழி பிடிக்கும் என்றால் நிம்மதியாக அனுப்புங்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் போகிறேன் என்றால், அந்தக் கேள்வி ஜூன் 1ஆம் தேதி அப்படியே அங்கேயே நிற்கும், மேற்படிப்பு விண்ணப்பங்களை இங்கிருந்தபடியே டிசம்பருக்குள் அனுப்பிவிடச் சொல்லுங்கள். நேரத்துக்கு இங்கே குறைவே இல்லை.

இதைப் படிக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாங்களும் இப்படி வரலாமா என்று கேட்பீர்கள். இந்தத் திட்டம் அமெரிக்கர்களுக்கானது. ஜெர்மனியில் இதே மாதிரி நடக்கிற ஃபுல்பிரைட் உதவி ஆசிரியர் திட்டமும் அப்படித்தான். இந்தியப் பட்டத்தோடு இங்கே அரசுப் பள்ளியில் நேரே ஆசிரியராவது ரொம்பக் கடினம், காரணம் ஆங்கிலம் போதாது என்பதல்ல. இங்கே ஓர் ஆசிரியர் பொதுவாக இரண்டு பாடத்தில் தகுதி பெற்றிருக்க வேண்டும், ஜெர்மன் சி1 அளவுக்காவது (ஏறக்குறைய சரளமாகப் பேசி எழுதும் நிலை) வேண்டும். நம் பி.ஏ., பி.எட். பெரும்பாலும் ஒரே பாடம். நடைமுறையில் வருகிறவர்கள் மேற்படிப்புக்கு வந்து, மொழியைப் பிடித்து, அதன் பிறகு ஆசிரியர் படிப்புக்குள் நுழைகிறார்கள். நான் கல்யாணமாகி வந்தவள் என்றாலும் அதன் பிறகு என் வழியும் அதுதான், ஏழு வருடம் ஆனது. ஜெர்மனிக்குப் படிக்க வருவதென்றால் 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம், முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் உயர்த்தினார்கள். ஆங்கில ஆசிரியர் வேலை உறுதி என்று சொல்லிப் பணம் கேட்கிற ஏஜென்டிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் இரண்டு நிலை ஜெர்மன் படித்துவிடலாம்.

அக்கா, கடைசியாக ஒரு வேலை, இது உங்களுக்கு. குடியிருப்பு அனுமதிக்குப் பிறப்புச் சான்றிதழ் அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் சான்று) வேண்டும், அதை அவள் பிறந்த மாநிலத்திலேயே வாங்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம். செப்டம்பரில் விமானம் ஏறுகிற நேரத்தில் அதற்காக ஓடாமல் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். ஊர்ப் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், பக்கத்துப் பள்ளிகளில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அறைக்குச் சொல்லி வைக்கிறேன்.